சுரங்க மண்மேட்டில் சோலார்: கடன் பக்கம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நிதி நிறுவனம் ஒன்றில் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஜார்க்கண்டில் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேட்டில் (தோண்டிய மண்ணைக் கொட்டிய மேடு) 20 மெகாவாட் சோலார் அமைக்கக் கடன் கேட்டு ஒரு கோப்பு வந்திருக்கிறது.

முதல் சிக்கல் அடமானம். 1957-ம் ஆண்டு நிலக்கரி நிலச் சட்டப்படி அரசு கையகப்படுத்திய நிலம் அது. 2022-ல் மத்திய அமைச்சரவை அனுமதித்த கொள்கைப்படி அத்தகைய நிலத்தில் சூரிய மின் நிலையம் வரலாம், ஆனால் குத்தகைக்கு மட்டும்தான். உரிமை அரசு நிறுவனத்திடமே இருக்கும். தவணை நின்றுபோனால் நம் கையில் மிஞ்சுவது குத்தகை உரிமையும் பேனல்களும்தான். குத்தகையை வேறு ஒருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் உண்டா?

அடுத்தது மண். போன வாரம் நேரில் போனேன். மழை விட்டு இரண்டு நாள்தான். மேட்டின் ஓரத்தில் ஒரு விரிசல், குடைக்கம்பை விட்டால் பிடிவரை இறங்குகிறது. 25 வருடம் நிற்க வேண்டிய தூண்களை இதில் எப்படி நடுவது? கான்கிரீட் பாளங்களை மேலேயே வைத்துவிடலாம் என்கிறார் திட்டக்காரர். சரி, மண் அமுங்கினால் திருத்தும் செலவு யார் தலையில்?

சீனாவில் தாதோங், ஹுவாய்நான் பக்கம் நிலக்கரி எடுத்துத் தாழ்ந்த நிலத்தில் பெரிய நிலையங்களே ஓடுகின்றன. அதனால், ‘முடியாது’ என்று கோப்பைத் திருப்பி அனுப்ப மனமில்லை. மண் அமுக்கத்துக்குக் காப்பீடு எடுத்தவர்கள், தனிக் கையிருப்பு நிதி கேட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை குறிப்பு வைக்க வேண்டும்.