எச்எஸ்ஜி ரிப்போர்ட்: வலது பக்கம் ‘கார்னுவல் பிளாக்’, இடது பக்கம் ‘லாக்குலேட்டட் ஸ்பில்’. ஐவிஎஃப்தான் வழியா?

செம்பருத்தி_டர்பன்:
வணக்கம். நாத்தனாருக்கு வயது 31, கல்யாணமாகி 3 வருஷம். மாதவிடாயின் 9-ஆம் நாள் எச்எஸ்ஜி, அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி எடுக்கும் கருக்குழாய்ப் படம், எடுத்தார்கள். கர்ப்பப்பை நார்மல். வலது குழாய் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இடது குழாய் முழுக்க நிரம்பி மருந்து வெளியே வந்திருக்கிறது, ஆனால் ‘லாக்குலேட்டட்’ என்று எழுதியிருக்கிறது. மருந்து ஏற்றும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்ததாம். அவள் வீட்டுக்காரரின் விந்துப் பரிசோதனையில் குறையில்லை. நேராக ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைப்பது) போகச் சொல்கிறார்கள். வலது குழாய் போயே போச்சா?

எக்ஸ்ரே_அறை:
அப்படிச் சொல்லிவிட முடியாது. கர்ப்பப்பையின் தோள்பட்டையில் குழாய் தொடங்கும் இடம்தான் கார்னுவா. உள்வழி அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, சுற்றிலும் தசை. வலி வந்தாலோ மருந்தை வேகமாகத் தள்ளினாலோ தசை இறுகி வாயை மூடிக்கொள்ளும். சில சமயம் சளிக்கட்டி அடைத்திருக்கும். படத்தில் இதுவும் நிஜ அடைப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். இடது பக்கம் திறந்திருந்தால் மருந்து சுலபமான வழியில் ஓடிவிடும், வலது பக்கத்துக்கு அழுத்தமே கிடைக்காது.

மறுபடி எடுத்தால்: ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை ஐபுப்ரோஃபென் 400 மி.கி. (அல்சர், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்). மருந்து 5 முதல் 10 மி.லி. போதும், மெதுவாக ஏற்ற வேண்டும். அப்போதும் நிரம்பாவிட்டால், மெல்லிய கதீட்டரை (நுண்குழாய்) அந்த வாயிலேயே வைத்து மருந்து செலுத்திப் பார்க்கலாம். சில நேரம் அதிலேயே அடைப்பு விட்டுவிடும்.

லெனேசியா_ஜெயா:
எனக்கு இடது பக்கம்தான் உறுத்துகிறது. நல்ல குழாயிலிருந்து வரும் மருந்து குடல் மடிப்புகளுக்கு நடுவே புகை மாதிரி பரவும். லாக்குலேட்டட் என்றால் குழாய் நுனியிலேயே குட்டையாகத் தேங்கி நிற்கிறது. சுற்றிலும் ஒட்டுத்திசு இருக்கலாம் என்று அர்த்தம். வலியே காட்டாத பழைய கிளமிடியா தொற்று (பாலுறவில் பரவுவது), வெடித்த குடல்வால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளர்வது) எதுவும் காரணமாகலாம்.

தென் ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள் கருக்குழாயைத் தாக்கும் காசநோயையும் கேட்டே ஆக வேண்டும். குழாய் மணி கோத்த மாதிரி, அல்லது ஈயக் குழாய் மாதிரி விறைப்பாகத் தெரிகிறதா, சுண்ணாம்புப் படிவு உண்டா என்று படத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு கர்ப்பப்பை உள்வரியில் சிறு துணுக்கு எடுத்து ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்புவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: மொத்தத் துணுக்கையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சர் வராது. ஒரு பங்கைத் தனியாக உப்புநீரில் அனுப்பச் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்கூட ஆகும்.

மெடிக்கல்_எய்ட்_மணி:
லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஏற்றிப் பார்த்தால் இரண்டு சந்தேகமும் ஒரே நாளில் தீரும், ஒட்டுத்திசுவையும் பிரிக்கலாம். எச்எஸ்ஜி, லேப்ராஸ்கோப்பி இரண்டும் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய பிஎம்பி பட்டியலில் 902எம் என்ற குறியீட்டின்கீழ் வரும். ஐவிஎஃப் அதில் வராது. அனுமதி கேட்கும்போது அந்தக் குறியீட்டைச் சொல்லியே கேளுங்கள்.

குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் கதை வேறு. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து ஐவிஎஃப் பலனையே ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அதனால் குழாயை முதலில் எடுப்பார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். இவர் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை.

இதற்கிடையில் நாள் தள்ளிப்போனால் உடனே டெஸ்ட், 6-ஆம் வாரத்துக்குள் ஸ்கேன். பழுதான குழாயில் கரு தங்கும் ஆபத்து அதிகம்.

செம்பருத்தி_டர்பன்:
நன்றி. 10, 20 நிமிஷம் கழித்து எடுக்கும் தாமதப் படம் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லையே?

எக்ஸ்ரே_அறை:
அப்படியானால் அந்த ‘லாக்குலேட்டட்’ என்பதையே உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் பொறுத்திருந்தால் பரவியிருக்கலாம். படங்கள் உள்ள சிடியை வாங்கி, இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். ஐவிஎஃப் பேச்சு அதற்கப்புறம்.