400 டாலர் ரைஃபிளுக்கு வீட்டுலயே கேமோ பெயின்ட் அடிக்கலாமுங்களா?

கொங்கு_டெக்சாஸ்:
வணக்கம்ங்க. சான் ஆன்டோனியோ பக்கம் இருக்கேன். போன வருஷம் ஆபீஸ் நண்பரோட அவங்க மாமனார் ராஞ்சுக்கு காட்டுப்பன்னி வேட்டைக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து நமக்கும் ஆசை புடிச்சுக்கிச்சு. ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு லைசென்ஸ் எடுத்து, ரூகர் அமெரிக்கன் .308 ஒண்ணு செகண்ட்ஸ்ல 400 டாலருக்கு வாங்கிட்டேன். சுடுறது நல்லாத்தான் சுடுதுங்க, குறையே இல்ல. ஆனா கறுப்பு பிளாஸ்டிக் கட்டை (தோள்ல வச்சுப் புடிக்கிற ஸ்டாக்), கறுப்பு பேரல், காலைல வெயில் சாய்வா வர்றப்போ பரண்ல உக்காந்தா பேரல் மேல அப்படியே வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி பளபளங்குது. கடைல கேமோ ஃபினிஷ் (காட்டு நிறத்தோட கலந்து தெரியாம போற மாதிரி) பண்ணித் தர என்ன ஆகும்னு கேட்டா கிட்டத்தட்ட ரைஃபிள் வாங்குன காசையே சொல்றாங்க. அதான் வீட்டுல ஸ்பிரே கேன்லயே அடிச்சிரலாம்னு பாக்குறேன். பிளாஸ்டிக் கட்டைல பெயின்ட் புடிக்குமா, சூட்டுல பேரல்ல இருந்து உரிஞ்சு வந்துருமா, எதை எதை மூடணும்? நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பம், இன்னும் ஆறு வாரம் இருக்கு. நமக்கு பெயின்ட் அனுபவம்னா சின்ன வயசுல வீட்டு கேட்டுக்கு அலுமினியம் பெயின்ட் அடிச்சதுதானுங்க.

ஹூஸ்டன்_மாமா:
தாராளமா அடிக்கலாம் தம்பி, நான் இதுவரைக்கும் மூணு அடிச்சிருக்கேன், முதல் ஒண்ணு மட்டும் பாக்க சகிக்காது. ரஸ்ட்-ஓலியம், க்ரைலான் ரெண்டுலயுமே கேமஃபிளாஜ்னு தனியா வருது, துளி பளபளப்பு இல்லாத ஃபிளாட் பெயின்ட். காக்கி, பிரவுன், பச்சை மூணு கேன் போதும். கறுப்பு வாங்காதீங்க, ஏற்கனவே ரைஃபிளே கறுப்பு, தூரத்துல இருந்து பாத்தா கறுப்புப் புள்ளியெல்லாம் ஒண்ணா சேந்து பழையபடி கட்டை மாதிரியே தெரியும்.

முதல்ல மேகசின கழட்டி, போல்ட்ட (பின்னால இழுத்துத் தள்ளுற இரும்புத் தண்டு) உருவி, குண்டு உக்கார்ற சேம்பர்ல விரல விட்டு காலியான்னு பாத்துருங்க. எத்தனை தடவை பாத்திருந்தாலும் இன்னொரு தடவை. அப்புறம் பேரலையும் கட்டையையும் தனித்தனியா பிரிச்சிருங்க. வேலைல முக்கால்வாசி துடைக்கிறதுதான். செகண்ட்ஸ் துப்பாக்கில அஞ்சாறு வருஷ எண்ணெய் ஊறிக் கெடக்கும், எண்ணெய் மேல எந்த பெயின்ட்டும் நிக்காது. இரும்புக்கு அசிட்டோன் போடலாம், பிளாஸ்டிக் கட்டைல அது பட்டா சில பிளாஸ்டிக் இளகிரும், அதுக்கு ரப்பிங் ஆல்கஹால் போதும். கட்டைய 320 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி தொட்டு லேசா உரசி பழைய வழவழப்பு போற வரைக்கும் தேய்ங்க. துடைச்சதுக்கு அப்புறம் வெறும் கையால தொடாதீங்க, கைரேகை பட்ட இடத்துல பெயின்ட் புடிக்காது.

மூட வேண்டியது: பேரல் வாயி (காதுல வைக்கிற ஃபோம் பிளக் ஒண்ண திணிச்சா கச்சிதமா நிக்கும், வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்துராதீங்க சாமி, அடைச்ச பேரல்ல சுட்டா பேரலே வெடிச்சுரும்), போல்ட் போற வழி, ட்ரிகர், சேஃப்டி, மேகசின் குழி, சீரியல் நம்பர். ஸ்கோப்புக்கு ரெண்டு பக்க கண்ணாடியும் திருகுற வளையமும். அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், கட்டைக்கு உள்பக்கம் இரும்பு உக்கார்ற இடத்துல ஒரு சொட்டு பெயின்ட் படக்கூடாது. உங்க ரைஃபிள்ல உள்ள ரெண்டு வி வடிவ உலோக பிளாக் இருக்கும், ஆக்‌ஷன் (போல்ட் ஓடுற இரும்புக் கூடு) அதுலதான் உக்காருது. அங்க பெயின்ட் ஏறுனா உக்கார்ற உயரம் மாறி குறி மாறிரும். பேரல் போற பள்ளமும் அப்படித்தான், பேரல் கட்டைய தொடாம மிதக்கணும். திரும்ப மாட்டுனதும் ஒரு டாலர் நோட்ட இடுக்குல விட்டு வாயில இருந்து பின்னால வரைக்கும் இழுத்துப் பாருங்க, எங்கயும் மாட்டக்கூடாது.

பெயின்ட்கடை_பாண்டி:
எனக்கு துப்பாக்கிய பத்தி ஒண்ணும் தெரியாது அண்ணே, மதுரைல பெயின்ட் கடைல பதினாலு வருஷம் நின்னவன், இப்ப டல்லாஸ்ல மகன் வீட்டுல இருக்கேன். பெயின்ட் பத்தி மட்டும் சொல்றேன். எல்லாரும் பண்ற தப்பு ஒரே அடில மூடணும்னு நினைக்கிறது. ஒரு முழத்துக்கு கொஞ்சம் குறைவா கேன புடிச்சுக்கிட்டு கைய நிறுத்தாம ஓட்டணும், முதல் கோட் அடிச்சா அடியில உள்ள கறுப்பு பாதி தெரியணும், அதுதான் சரியான அடி. அஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது. பொருளுக்கு வெளிய ஆரம்பிச்சு பொருளுக்கு வெளிய முடிக்கணும், பொருள் மேலயே பட்டன அமுக்குனா முதல்ல துப்புற சொட்டு அங்கயே விழும்.

ஈரக்காத்து உள்ள நாள்ல அடிக்காதீங்க, வெள்ளையா பூத்துப் போயிரும். காலைல பனி காஞ்ச பிறகு பத்து மணிக்கு மேல நல்ல நேரம். கேன் பின்னாடி 50ல இருந்து 90 டிகிரி ஃபாரன்ஹீட்னு போட்டிருப்பான், டெக்சாஸ் செப்டம்பர் மத்தியானத்துல அது தாண்டிரும், அப்ப அடிச்சா பெயின்ட் போய் சேர்றதுக்குள்ள காத்துலயே காஞ்சு சொரசொரன்னு மண்ணு மாதிரி உக்காரும். கொடிக்கம்பில தொங்கவிட்டு அடிங்க, தரைல போட்டு அடிச்சா ஒரு பக்கம் ஒட்டிக்கும்.

பரண்மேல்_ராசா:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. மானுக்கு சிவப்பு ஆரஞ்சு பெருசா பிரிச்சுத் தெரியாது, நீலந்தான் அதுக்கு பளிச்சுன்னு தெரியும். நீங்க நீல ஜீன்ஸ் போட்டுட்டு துப்பாக்கிக்கு மட்டும் கேமோ அடிச்சா என்ன பிரயோஜனம். பன்னிக்கு கண்ணு சுமார்தான், மூக்குதான் எமன். அதனால பேட்டர்ன் ரியல்ட்ரீ கம்பெனி கேமோ மாதிரி இலை நரம்பு வரைக்கும் தெரியணும்னு மெனக்கெடாதீங்க, அதெல்லாம் 1986ல இருந்து மனுசன் கண்ணுக்கு புடிச்ச மாதிரி வித்துக்கிட்டு இருக்கான். பளபளப்பு போகணும், நேர்கோடு உடையணும், அவ்ளோதான் வேலை. பேரல் நீளமான நேர்கோடு, காட்டுல நேர்கோடுன்னு ஒண்ணு கெடையாது. அதனால பட்டைய குறுக்கால அடிங்க, பேரல் நீளத்துக்கு அடிக்காதீங்க.

முக்கியமா, அடிச்சிட்டு ரெண்டு வாரமாவது வெளிய காத்தாட வைங்க. தின்னர் வாசத்தோட பரண் ஏறுனா பன்னி கவுண்டி எல்லையிலயே திரும்பிப் போயிரும்.

பெயின்ட்டே வேண்டாம்னா துணி மாதிரி தனக்குத்தானே ஒட்டிக்கிற கேமோ டேப் இருக்கு, சீசன் முடிஞ்சா உரிச்சிரலாம். ஆனா மழைல நனைஞ்சா அன்னைக்கே பிரிச்சிரணும், ஈரம் அடியிலயே நின்னு துரு புடிக்கும், எனக்கு புடிச்சிருக்கு.

எச்1பி_எழிலன்:
கேள்விக்கு சம்பந்தம் இல்லாததுதான், ஆனா இதைப் படிச்சிட்டு நம்மாளுங்க யாராவது நேரா கடைக்குப் போயிருவாங்கன்னு சொல்றேன். கிரீன் கார்டு இருந்தா பிரச்சனை இல்ல. எச்1பி மாதிரி விசால இருக்கவங்க துப்பாக்கி வச்சிருக்கவே ஃபெடரல் சட்டத்துல பொதுவா தடை, செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தாதான் விலக்கு. லைசென்ஸ் காலாவதி ஆனா விலக்கும் போச்சு. நண்பன் சொன்னான்னு போகாம ஒரு வக்கீல கேட்டுக்கோங்க. சீரியல் நம்பர மாமா சொன்ன மாதிரி மூடித்தான் அடிக்கணும், உப்புத்தாள் அது பக்கமே போகக்கூடாது. அழிஞ்ச நம்பரோட துப்பாக்கி வச்சிருக்கறது தனி கிரிமினல் கேஸ்.

பொள்ளாச்சி_பேரன்:
ஊர்ல இருந்து படிச்சிட்டு இருக்கேன் ப்ரோ, செம்ம டாபிக். எங்க தாத்தாகிட்ட பயிர்க்காவலுக்குன்னு லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு, எலெக்‌ஷன் வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு அப்புறம் போய் வாங்கிட்டு வருவாரு. அதுக்கு அவர் போட்ட ஒரே ஃபினிஷ் தேங்கா எண்ணெய்தான் 😄 ஒரு டவுட்டு, சூடானா பெயின்ட் உரியுமான்னு அண்ணன் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலயே?

ஹூஸ்டன்_மாமா:
ஆமாப்பா விட்டுட்டேன். வேட்டைல ஒண்ணு ரெண்டு குண்டுதான் போகும், பேரல் வெதுவெதுன்னு ஆகும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. ரேஞ்சுல நிறுத்தாம இருபது முப்பது அடிச்சா வாசம் வரும், கொஞ்சம் நிறம் மாறும். சூட்டுக்கும் உரசலுக்கும் நிக்கணும்னா செராகோட் மாதிரி செராமிக் கோட்டிங், அதுக்கு மணல் பிளாஸ்ட் பண்ணி 250 டிகிரி ஃபாரன்ஹீட் அவன்ல ரெண்டு மணி நேரம் வேக வைக்கணும், வீட்டு அவன்ல வச்சா வீட்டுக்காரம்மா நம்மள வேக வச்சிருவாங்க. ஸ்பிரே பெயின்ட்டுக்கு எமன் சூடு இல்ல தம்பி, கெமிக்கல். பேரல் கழுவுற சால்வென்ட் சொட்டுனா கரைஞ்சிரும். கொசு மருந்துல டீட்னு இருக்கே, அதைக் கைல தடவிட்டு கட்டைய புடிச்சீங்கன்னா உங்க அஞ்சு விரலும் கட்டைல பதியும். நம்ம பசங்க கொசுவுக்கு பயந்து அதைத்தான் முதல்ல தடவுவாங்க.

கொங்கு_டெக்சாஸ்:
மக்களே, முடிஞ்சுதுங்க. நாலு வாரம் கழிச்சு வந்து சொல்றேன். அடியில காக்கி முழுசா அடிச்சு காய விட்டேன். பேட்டர்னுக்கு வீட்டம்மாவோட துணி துவைக்கிற நெட் பை ஒண்ண கட்டை மேல இழுத்துக் கட்டி அதுக்கு மேல பிரவுன் அடிச்சேன், எடுத்துப் பாத்தா பாம்புத் தோல் மாதிரி அச்சு விழுந்திருக்குது, அவ்ளோ அழகு. அப்புறம் ராஞ்சுலயே புடுங்குன காஞ்ச புல்ல குறுக்கால வச்சு பச்சைய லேசா ஊதுனேன். பேரல்ல நெட்டு சரியா உக்காரல, அங்க வெறும் புல்லுதான், ராசா அண்ணன் சொன்ன மாதிரி குறுக்குப் பட்டை. ஸ்கோப்ல கைவைக்க தைரியம் வரல, கறுப்பாவே விட்டுட்டேன்.

தப்பும் ஒண்ணு பண்ணிட்டேனுங்க. மாமா அவ்ளோ சொல்லியும் பேரல் பள்ளத்துல முன்பக்கம் டேப் தூக்கியிருந்தத பாக்கல, அங்க பெயின்ட் தடிச்சு வழிஞ்சு காஞ்சிருச்சு. டாலர் நோட்டு பாதில நின்னுருச்சு. உப்புத்தாள ஒரு பென்சில் மேல சுத்தி அரை மணி நேரம் தேய்ச்சு எடுத்தேன். ஸ்க்ரூவ மேனுவல்ல போட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சுலயே (இறுக்குற அளவு வச்சுத் திருகுற ஸ்பேனர்) இறுக்கி ரேஞ்சுக்குப் போனா 100 கஜத்துல பழைய இடத்துக்கு ரெண்டு இஞ்ச் வலது பக்கம் அடிக்குது. ஸ்கோப்ப திருகி குறிய திரும்ப நடுவுக்கு கொண்டாந்து, ஆறு குண்டுல ஜீரோ பண்ணி எடுத்தாச்சு. பெயின்ட் அடிச்சாலும் அடிக்காட்டியும் கழட்டி மாட்டுனா ஜீரோ பாக்காம காட்டுக்குப் போகாதீங்க.

நெட் பை போச்சுங்க. புதுசா மூணு வாங்கிக் குடுத்துருக்கேன்.

பரண்மேல்_ராசா:
போட்டோ எங்க? புல்லு மேல வச்சு எடுங்க, கண்டுபுடிக்க முடியுதான்னு பாப்போம்.

கொங்கு_டெக்சாஸ்:
புல்லு மேல வச்சு எடுக்கலாம்னு கொல்லைல வச்சிட்டு செல்போன் எடுக்க உள்ள போய்ட்டு வந்தேன். ரெண்டு நிமிஷம் தேடுனேனுங்க 😄 அந்தக் கறுப்பு ஸ்கோப்புதான் காட்டிக் குடுத்துச்சு.

ஹூஸ்டன்_மாமா:
அப்ப ஸ்கோப்புக்கும் அடிச்சிருங்க. வேண்டாம், அப்படியே விடுங்க, தேட வசதியா இருக்கும்.