கல்லூரிக் கட்டுரையில் தொடரும் விளம்பரத் தொகுப்புகள் (திருத்தங்கள்): எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றைப் பற்றிய கட்டுரையைக் கவனித்துவருகிறேன். கல்லூரியின் பெயரையே பயனர் பெயராகக் கொண்ட ஒருவர், "தென்னகத்தின் தலைசிறந்த", "நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு" என்ற தொடர்களையும் சேர்க்கைக்கான தொலைபேசி எண்ணையும் சேர்த்திருக்கிறார். இன்று நான் இருமுறை மீளமைத்தும் (முந்தைய நிலைக்குத் திருப்பியும்) அவை திரும்ப வந்துவிட்டன. அவர் ஐந்து சான்றுகள் தந்திருப்பதால், சான்றுள்ளதை நீக்குவது முறைதானா என்ற தயக்கமும் இருக்கிறது. வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில் மீளமைப்பதை நிறுத்துங்கள். ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவர், அவர் பக்கம் நியாயம் இருந்தாலும், ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை செய்யப்படலாம்; இங்கும் அந்த எல்லைக்குள் நிற்பதே நல்லது. அந்தப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் (அவருக்குச் செய்தி எழுதும் பக்கம்) வரவேற்புடன் தொடங்கி, நிறுவனத்தின் பெயரில் கணக்கு வைத்திருப்பதிலுள்ள சிக்கலையும், ஊதியம் பெற்றுத் தொகுப்பவர் யாருக்காகத் தொகுக்கிறார் என்பதை வெளிப்படுத்த வேண்டுமென 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் கோருவதையும் விளக்குங்கள். பதில் வராமல் அதே தொகுப்புகள் தொடர்ந்தால் நிருவாகிகளிடம் தெரிவிக்கலாம்.

அவர் யார் என்று வெளியில் தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டாம். அது விளம்பரம் சேர்ப்பதைவிடப் பெரிய தவறு. அவர் விதி அறியாத அலுவலராகவும் இருக்கலாம்.

கேட்டவர்

நன்றி, அவ்வாறே எழுதிவிட்டேன். ஐந்து சான்றுகளில் ஒன்று கல்லூரியின் இணையத்தளம், ஒன்று நாளிதழ், மூன்று செய்தித் தளங்கள்.

மறுமொழி 2

அந்த மூன்று தளங்களையும் அருகருகே திறந்து படித்துப் பாருங்கள். ஒரே பத்தி சொல் மாறாமல் மூன்றிலும் இருந்தால், அவை மூன்று சான்றுகள் அல்ல. கல்லூரி அனுப்பிய ஒரே செய்திக்குறிப்பின் மூன்று படிகள். நாளிதழ்ப் பக்கத்தில் செய்தியாளர் பெயர் இருக்கிறதா, "விளம்பரச் சிறப்பிதழ்" என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; கல்விச் சேர்க்கைக் காலத்தில் நல்ல நாளிதழ்களிலும் இத்தகைய பக்கங்கள் வருகின்றன, அவற்றைச் செய்தியாகக் கொள்ள முடியாது.

கல்லூரியின் சொந்தத் தளத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன, வளாகம் எங்கே என்பன போன்ற சர்ச்சையற்ற செய்திகளுக்கு அது போதும். தன்னைத் தானே புகழ்வதற்குப் போதாது. இணைப்புக் கல்லூரியா என்பதை அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும், தன்னாட்சி பெற்றதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலிலும் சரிபார்க்கலாம்.

கேட்டவர்

மூன்று தளங்களிலும் ஒரே பத்திதான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள தொடக்க ஆண்டு, நம் கட்டுரையில் ஏற்கெனவே இருந்த ஆண்டுடன் ஒத்துப்போகிறது. அதையாவது ஏற்கலாமா?

மறுமொழி 2

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தை, அதாவது அதில் நடந்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்து, அந்த ஆண்டு எந்த நாளில் சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். செய்தி வெளியாகும் முன்பே, சான்றின்றி நம் பக்கத்தில் அது இருந்திருந்தால், அவர்கள் நம்மிடமிருந்தே எடுத்திருக்கக்கூடும்; அதையே திரும்பச் சான்றாக வைத்தால் நம் பிழைக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். அந்த ஆண்டுக்கு "சான்று தேவை" வார்ப்புருவை (அந்தக் குறிப்பைக் காட்டும் ஆயத்தக் குறியீட்டை) இடுங்கள். புகழுரையையும் தொலைபேசி எண்ணையும் நீக்குவதற்கான காரணத்தைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மீளமைப்பை நான் செய்கிறேன்.