புதுப்பிப்பு: முதல் ரூபிக்ஸ் க்யூப் போட்டியில் +2 (இரண்டு நொடி அபராதம்) தவிர்ப்பது

தீர்க்கத் தொடங்குமுன் க்யூபைப் பார்த்துத் திட்டமிடத் தரும் 15 நொடி பார்வை நேரத்தில் +2 வாங்காமல் தப்புவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி, ஐந்து முயற்சியிலும் நேரம் மீறவில்லை.

பலித்தது "12-இல் கீழே வை" யோசனை. 8, 12 நொடிகள் ஆனதும் நடுவர் குரல் கொடுப்பார். அவர் "8" சொல்வதற்குள் கிராஸை (முதலில் ஒரு பக்கத்தில் அமைக்கும் சிலுவை) எப்படிப் போடுவது என்று முடிவாகிவிட வேண்டும். "12" கேட்டதும், அடுத்த கட்டமான எஃப்2எல்-இன் (முதல் இரண்டு அடுக்குகள்) முதல் ஜோடி தெரியாவிட்டாலும், க்யூபைப் பாயில் வைத்துக் கைகளை டைமருக்குக் கொண்டுபோகவும். கைகளை வைத்தபின் டைமரின் பச்சை விளக்கு எரிய அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். முன்பே கையெடுத்தால் டைமர் ஓடாது. கைபேசி டைமர் செயலியில் மட்டும் பழகியவர்கள் திணறுவது இங்கேதான். தொடங்குவதற்குள் 15 நொடி தாண்டினால் +2, 17 தாண்டினால் டிஎன்எஃப் (அந்த முயற்சி கணக்கில் வராது).

எதிர்பாராதது ஏசி குளிர். விரல் விறைத்தால் கடைசித் திருப்பம் பாதியில் நிற்கும். 45 டிகிரிக்கு மேல் விலகினால் அதற்கும் +2. அழைக்கும்வரை உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருங்கள்.