ஓசிடி சோதனையில் 118 மைக்ரான் 78 ஆனது ஏன்?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 34. இரு கண்களுக்கும் மைனஸ் 5 பவர். ஈராண்டுக்கு முன் இடது கண்ணில் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தாலே வலித்தது, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. அப்போது எடுத்த ஓசிடியில் (ஒளியால் விழித்திரை அடுக்குகளைப் படமெடுத்து அளக்கும் சோதனை) விழித்திரை நரம்பிழை அடுக்கின் சராசரித் தடிமன் 118 மைக்ரான் என்று வந்தது; தாளில் எங்கும் சிவப்பு இல்லாததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். பார்வையும் சில வாரங்களில் திரும்பியது. சென்ற மாதம் கண்ணாடி மாற்றப் போனபோது அதே இயந்திரத்தில் இடது 78, வலது 92. இடது கண்ணில் பொட்டுப் பக்கம் (நெற்றிப்பொட்டை நோக்கிய வெளிப்பக்கம்) சிவப்பு, வலது கண்ணில் கீழ்ப்பக்கம் மஞ்சள். கண் அழுத்தம் இரண்டிலும் 14. இது கிளாக்கோமாவா (பார்வை நரம்பு மெல்ல அழியும் நோயா)? நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது எதற்கு?

பதில் 1

கண் பரிசோதகனாகப் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த 118-ஐ நல்ல எண் என்று கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கு இந்த அடுக்கு ஏறத்தாழ 90 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். உங்கள் அறிகுறிகள் சுட்டும் பார்வை நரம்பு அழற்சியில் அது வீங்குவதால் எண் கூடி, வீக்கம் வடிந்த பிறகு, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள், அழிந்துபோன இழைகளின் அளவுக்கு மெலிகிறது. இயந்திரம் மெலிவுக்குத்தான் சிவப்புப் போடும். வழக்கத்தைவிடத் தடித்த இடத்தைச் சில இயந்திரங்கள் வெள்ளையாக விட்டுவிடும்.

வலது கண்ணின் மஞ்சளுக்குக் கிட்டப்பார்வையே காரணமாக இருக்கலாம். கண் நீள்வதால் மேல், கீழ் இழைக்கட்டுகள் பொட்டுப் பக்கம் நகர்கின்றன. இயந்திரமோ வழக்கமான இடத்தில் தேடிவிட்டுக் குறைவு என்கிறது. ஆனால் அதே நகர்வினால் பொட்டுப் பக்கம் தடித்துத் தெரிய வேண்டும். உங்கள் இடது கண்ணில் அங்கேயே மெலிந்திருப்பதைக் கிட்டப்பார்வையின் கணக்கில் எழுத முடியாது. கிளாக்கோமா பெரும்பாலும் கீழ்ப்பொட்டு ஓரத்திலோ மேல்பொட்டு ஓரத்திலோ தொடங்கும். அழுத்தம் 14 என்பது மட்டும் அதை விலக்கிவிடாது. ஃபீல்டு டெஸ்டும் (பார்வைப் பரப்புச் சோதனை) எடுத்துவிடுங்கள். இரு தாள்களிலும் சிக்னல் அளவையும் (படத்தின் தரத்தைக் காட்டும் எண்) பாருங்கள். 10-க்கு 6-க்கும் கீழே இருந்தால் எண்களை நம்ப இயலாது.

பதில் 2

நரம்பியல் பயிற்சி மருத்துவராக ஒன்றைச் சேர்க்கிறேன். விழித்திரைக்குள் இந்த இழைகளுக்கு மயலின் உறை (நரம்பிழையைச் சுற்றும் கொழுப்புறை) இல்லை. ஆகவே வீக்கம் வடிந்தபின் காணும் மெலிவு இழை இழப்பையே காட்டுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவடத்தின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பே தாக்கும் நோய்) நோயாளிகளிடம் இம்மெலிவை 1974-லேயே ஃபிரிசன், ஹாய்ட் இருவரும் விவரித்தார்கள். இரு கண்களுக்கிடையே 5 மைக்ரான் வேறுபாடு இருந்தாலே பழைய அழற்சியை ஐயுறுவோம், உங்களுக்கோ 14. ஆயினும் ஒருமுறை வந்த அழற்சியைக் கொண்டு அந்நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. எம்ஆர்ஐயும், தேவைப்பட்டால், இதே அழற்சியை உண்டாக்கும் வேறு நோய்களைக் கண்டறியும் அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள் சோதனைகளும் வேண்டும். பழைய தாளைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பழைய தாளைத் தேடி எடுத்தேன். சிக்னல் 8. இடது கண்ணின் கீழ்ப்பக்கக் கட்டம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அச்சு சரியாக விழவில்லை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.