ஐந்து நண்பர்கள், 6 நாள், 720 கி.மீ. சைக்கிள் பயணம்: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம்?

சாலைவிரும்பி:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்காலத்திலிருந்தே நண்பர்கள். பல வருடமாகப் பேசிப் பேசியே தள்ளிப்போட்ட நீண்ட சைக்கிள் பயணத்துக்கு இந்த முறை எல்லோரும் விடுப்பு வாங்கிவிட்டோம். கையில் 6 நாள் இருக்கிறது. மொத்தம் 720 கி.மீ., நாளுக்கு 120 என்று வகுத்து வைத்திருக்கிறோம். எல்லோரிடமும் ரோடு சைக்கிள், 28 அல்லது 32 மி.மீ. டயர். துணிமணியை சீட்டுக்குப் பின்னால் கட்டும் பையில் நாங்களே சுமந்துகொண்டு போகிறோம், கூடவே வண்டி எதுவும் வராது. இரவில் அறை எடுத்துத் தங்குவோம்.

இரண்டு பேர் வாரத்துக்கு 200 கி.மீ. ஓட்டுகிறவர்கள், தனியாக விட்டால் 27, 28 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்கப் போவார்கள். நானும் இன்னொருவனும் நடுத்தரம். ஐந்தாமவன் ஒரே நாளில் ஓட்டிய அதிகபட்ச தூரமே 70 கி.மீ.தான். அவனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை, அவனும் வரத் துடிக்கிறான். போன வாரம் ஐந்து பேரும் சேர்ந்து 80 கி.மீ. போனோம். கடைசி 20 கி.மீட்டரில் ஒவ்வொரு மேட்டிலும் "நீங்க போங்கடா, நான் வந்துடுறேன்" என்றான். நாங்கள் உச்சியில் நின்று காத்திருந்தோம், அவன் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது, ஓய்வெடுத்தது நாங்கள் நாலு பேர், ஓய்வு தேவைப்பட்டவன் மட்டும் எங்கேயும் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது.

120 என்பது சரிப்படுமா? இப்படி வேகம் மாறுபடுகிறவர்கள் எப்படிச் சேர்ந்து போவது? இன்னும் 8 வாரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தூரதேசம்:

நீங்கள் அந்த மேட்டு உச்சியில் கவனித்ததுதான் உங்கள் பயணத்தின் முழுக் கதையும். அதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிலோமீட்டரைக் கொஞ்சம் மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். 120 கி.மீ. தூரத்தை 20 கி.மீ. சராசரியில் போனால் 6 மணி நேரம், அது பெடல் சுற்றும் நேரம் மட்டும். சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, ஒருவர் மேல்சட்டையைக் கழற்றுவது, இன்னொருவருக்குப் பஞ்சர் என்று ஐந்து பேர் கொண்ட கூட்டத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் தானாகப் போகும். ஆக 8 மணி நேரம். வழியில் ஏற்றம் இருந்தால் கணக்கு இன்னும் மாறும், ஏனென்றால் சமதளத்தில் 20 போகிறவர் 6, 7 சதவீத ஏற்றத்தில் சுமையோடு 8, 9 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுவார். எதிர்க்காற்று இதைவிடப் பொல்லாதது. காற்றைக் கிழித்துப் போகும் வேகம் இரட்டிப்பானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஏற்றமாவது ஒரு இடத்தில் முடியும், எதிர்க்காற்று சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை விடாது.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் பிரெவே சவாரிகளை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சவாரிகளைப் பாருங்கள். 200 கி.மீ. முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கி.மீட்டருக்கு உச்ச வரம்பு 90 மணி நேரம். கேட்டால் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் அங்கே நீங்கள் நின்றாலும் கடிகாரம் நிற்காது, தூங்குகிற நேரமும் அதில்தான் சேரும். அதனால் அதில் ஊறியவர்கள் வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்கும் நேரத்தைக் குறைப்பதில்தான் குறியாக இருப்பார்கள். உங்களுக்கும் அது பொருந்தும். பத்து தடவை ஐந்தைந்து நிமிடம் நிற்பதை விட்டு, மூன்று தடவை முறையாக நில்லுங்கள்.

என்னைக் கேட்டால் 720 வேண்டாம். 80, 110, 120, 50, 110, 90 என்று வையுங்கள், மொத்தம் 560 வரும். முதல் நாள் குறைவு, ஏனென்றால் அன்று எல்லோரும் உற்சாகத்தில் தேவைக்கு மேல் மிதிப்பார்கள். நாலாம் நாள் 50 கி.மீ. என்பது காலையிலேயே முடிந்துவிடும், மீதி நேரம் துணி துவைக்க, செயின் துடைக்க, தூங்க. மூன்றாம் நாளில்தான் உடம்பு கணக்குக் கேட்கும். உங்கள் ஐந்தாமவரின் மூன்றாம் நாளை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள், வேகக்காரர்களின் முதல் நாளை வைத்து வேண்டாம். ஒவ்வொரு நாளின் பாதி வழியிலும் ரயிலோ பேருந்தோ பிடிக்க முடிகிற ஒரு இடத்தைக் குறித்து வையுங்கள். வரைபடத்தைச் செல்பேசியில் இணையம் இல்லாமலே திறக்கிற மாதிரி ஐந்து பேருமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருடைய பேட்டரி தீருகிற அன்று வழியும் தீரும்.

இரண்டாம்சக்கரம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் சேர்ந்து ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் குழுவில் இதே சிக்கல் இருந்தது.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்கு 30 சதவீதம் வரை உழைப்பு மிச்சமாகும், வேகமும் இடைவெளியும் பொறுத்து. பலமில்லாதவரைக் கடைசியில் போடுவதுதான் பெரும்பாலும் எல்லோரும் செய்கிற தப்பு. வளைவிலும் மேட்டிலும் கூட்டம் ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுருங்கும், அந்த இழுப்பு முழுவதும் கடைசி ஆள் தலையில்தான் விழும். ஒரு மீட்டர் இடைவெளி பத்து மீட்டராகும், அதை அடைக்க அவர் எழுந்து நின்று மிதிப்பார், பத்து தடவை அப்படிச் செய்தால் கால் காலியாகிவிடும். அவரை இரண்டாம் இடத்தில் வையுங்கள். அவருக்கு முன்னால் ஒரு பலசாலி சீராக ஓட்டட்டும், இன்னொரு பலசாலி கடைசியில் வரட்டும். முன்னால் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறலாம். ஐந்தாமவர் முன்னால் வந்து காற்று வாங்க வேண்டிய அவசியமே இல்லை, அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கடமைக்காகவாவது அவர் முன்னால் வருவார்.

மேட்டில் மட்டும் அவரவர் வேகம். அங்கே ஒட்டிப் போவதால் பெரிய லாபம் கிடையாது, மற்றவர் வேகத்தில் ஏறினால் இரண்டு பேருக்குமே கால் வலிக்கும். உச்சியில் காத்திருங்கள். கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, 'சரி, போகலாம்' என்று அவர் சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். எங்களுக்குள் இருக்கும் ஒரே சட்டம் இதுதான், இதற்கு மேல் ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒன்று. உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்கக் கொஞ்சம் விலகினால் விழப்போவது நீங்கள்தான். பள்ளம், கண்ணாடித் துண்டு, நிற்கப்போவது, எல்லாவற்றையும் கையாலும் வாயாலும் பின்னால் சொல்லிக்கொண்டே போங்கள். களைத்துப் போன மாலையில்தான் இது மறக்கும்.

மெல்லநடை:

நான் முழங்கால் வலியோடு ஒரு பயணத்தைப் பாதியில் விட்டவள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன், 8 வாரம் இருக்கும்போதே சீட் உயரத்தைச் சரிபாருங்கள். முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் உயரம்தான். மாற்றும்போது ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும், மாற்றிவிட்டு இரண்டு மூன்று சவாரி பாருங்கள். எனக்கு வலி வந்தது சீட்டை ஒரேயடியாக ஒரு விரல் உயரம் ஏற்றிவிட்டு அடுத்த நாளே நெடுந்தூரம் போனதால்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கையை ஒரே இடத்தில் வைக்காமல் பிரேக் பிடியின் ரப்பர் உறை, வளைந்த கீழ்ப்பகுதி, மேல்கம்பி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசித் தோல் புண்ணாகும். தினமும் துவைத்துக் காய்ந்ததையே போடுங்கள். இரண்டாம் நாள் ஈரக் கால்சட்டையோடு கிளம்பினால் மூன்றாம் நாள் உட்கார முடியாது.

சாப்பாட்டில் பசிக்காகக் காத்திருக்காதீர்கள். ஏறின முக்கால் மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், மணிக்கு 60 கிராம் அளவு மாவுச்சத்து, அதாவது இரண்டு வாழைப்பழமும் கூட ஏதாவது கொஞ்சமும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயிலில் உப்பு கலந்து. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து. நீங்கள் சொன்ன அந்தக் கடைசி 20 கி.மீ., மேட்டுக்கு மேடு அவர் பின்தங்கியது, எனக்கு அது காலில் பலமில்லாத கதையாகத் தெரியவில்லை, சாப்பிடாத கதையாகத்தான் தெரிகிறது. அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சியில் நீளத்தைவிட அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டுவது முக்கியம். சனிக்கிழமை 60, ஞாயிறு 50 என்று ஆரம்பித்து ஆறாம் வாரத்தில் 90, 80 வரை கொண்டுபோங்கள். நாலாம் வாரம் பாதியாகக் குறையுங்கள், கடைசி வாரம் காலைச் சும்மா சுற்றினால் போதும். கட்டப்போகும் பையைக் கட்டிக்கொண்டே ஓட்டுங்கள்.

செயின்எண்ணெய்:

சைக்கிள் பக்கம் யாரும் வரவில்லையே. ஒரு பயணத்தில் என் நண்பருக்குக் கண்ணாடி குத்தி டயரின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் கிழிந்துவிட்டது. டியூப் அந்தப் பிளவில் திராட்சைப்பழம் மாதிரி பிதுங்கிக்கொண்டு நின்றது. பழைய டயரிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு துண்டை உள்ளே கொடுத்து அடைத்தோம், அது நன்றாகவே நின்றது. டியூபில்தான் மாட்டிக்கொண்டோம். அவருடைய இரண்டு டியூபும் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. நாங்கள் கொடுத்ததன் வால்வு 48 மி.மீ., அவருடைய ரிம் 50 மி.மீ. ஆழம். வால்வு வெளியே தலை காட்டவே இல்லை. நான்கு பேர் கையில் ஏழு டியூப், ஒன்றும் உதவவில்லை.

அதனால் கிளம்பும் முன் ஐந்து சைக்கிளையும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். வால்வு நீளம், செயின் இணைப்பு (11 கியருக்கானது 12 கியருக்குச் சேராது), பிரேக் கட்டை, சக்கரம் கழற்ற என்ன சாவி. கியர் மாற்றியைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியக் கொக்கி ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு, அதை அவரவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே அது வளைந்துவிடும்.

ஆளுக்கு இரண்டு டியூப், டயர் நெம்புகோல், சின்ன பம்ப். பம்ப் ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், பஞ்சர் ஆகிறவர் எப்போதும் பம்ப் வைத்திருப்பவருக்கு இரண்டு கிலோமீட்டர் பின்னால்தான் இருப்பார். செயின் கழற்றும் கருவி, டயர் துண்டு, பஞ்சர் ஒட்டு ஆகியவை பொது, அவற்றைப் பலசாலிகள் சுமக்கட்டும். செயின் தேய்மானம் 0.5 சதவீதத்தைத் தொட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, முந்தின நாள் இரவில் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

சாலைவிரும்பி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். 560க்கு ஒத்துக்கொண்டார்கள். வேகக்காரர்கள் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. அந்த 50 கி.மீ. நாளில் மதியத்துக்கு மேல் அவர்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு சுற்று போய்வரலாம் என்று முடிவானதும் சரியாகிவிட்டது.

மெல்லநடை அக்கா, கேட்டேன். 80 கி.மீ. முழுவதுக்கும் இரண்டு பிஸ்கட்டும் ஒரு தேநீரும்தான். எங்களை நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம்.

இன்று காலை 60 கி.மீ. போனோம். அவன் இரண்டாம் இடத்தில். மேட்டு உச்சியில் வந்து நின்றான், யாரும் பெடலில் கால் வைக்கவில்லை. ஒரு பழம் சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான், சுற்றிப் பார்த்தான், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது நாங்கள் அவன் சொல்வதற்காக நிற்கிறோம் என்று. "போலாம்டா" என்றான்.

ஒரே ஒரு கேள்வி. எங்களில் ஒருவனுக்கும் ரிம் ஆழம் 50 மி.மீ.தான். எந்த வால்வு வாங்குவது?

செயின்எண்ணெய்:

80 மி.மீ. பொது இருப்பாகக் கொண்டுபோகும் டியூப் எல்லாவற்றையுமே 80 ஆக வாங்கிவிடுங்கள். ஆழம் குறைந்த ரிம்மில் நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஐந்து சைக்கிளுக்கும் பொருந்தும்.