சைமன்ஸ் டவுன் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

நேட்டால்வாத்தியார்:
டிசம்பர் விடுமுறையில் டர்பனிலிருந்து எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கேப் டவுனுக்குக் கூட்டிப்போகிறோம். பத்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். சைமன்ஸ் டவுனில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் 'அசெகாய்' நீர்மூழ்கிக் கப்பலையும் திட்டத்தில் சேர்த்தேன். ஒரு தாயார், "அது நிறவெறி ஆட்சியின் போர்க்கப்பல், அதைப் போய் ஏன் காட்டணும்?" என்று கேட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சாலிஸ்பரி68:
அந்தத் தாயார் கேட்டது நியாயம். நான் 1968-ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவுக் கல்லூரியில் சேர்ந்தவன். இந்தியர்களுக்கென்று 1961-ல் தனியாக ஒதுக்கிய கல்லூரி. கடற்படை விட்டுப்போன பழைய பாசறைகள்தான் எங்கள் வகுப்பறைகள். துறைமுகத்தில் படகேறிப் போகணும், காற்றடித்தால் நோட்டுப் புத்தகமெல்லாம் நனைந்துவிடும். கடற்படை கழித்துப்போட்டது நமக்கு. அதே கடற்படைக்குப் பிரான்சிலிருந்து, இந்த அசெகாயையும் சேர்த்து, மூன்று புத்தம்புதிய நீர்மூழ்கிகள். ஆயுதம் விற்காதீர்கள் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1963-லேயே கேட்டுக்கொண்டது. பிரான்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1967-ல் ஆர்டர் போட்டார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பல் வந்து நின்றது. இதைக் காசு கொடுத்துப் பார்க்கணுமா?

கேப்மெக்கானிக்:
ஐயா, நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே டீசல் எஞ்சின் வேலை பார்ப்பவன். அந்தக் கப்பல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த காலத்திலேயே உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். அப்புறம் உடல் தகடு மோசமாகி மூடினார்கள், பிறகு கரையேற்றினார்கள். பிள்ளைகள் கட்டாயம் பார்க்கணும் என்பதுதான் என் கருத்து. நீளம் 58 மீட்டர்தான். அதற்குள் சுமார் ஐம்பது பேர் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். நடைவழியில் எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வால்வுச் சக்கரம் தோளில் இடிக்கும். மேலே காற்று கிடைத்தால்தான் டீசல் ஓடும், முழுக்க மூழ்கிவிட்டால் பேட்டரிதான். ஒரு கசிவு, ஒரு வால்வு மூடவில்லை என்றால் எல்லோருக்கும் முடிவு. இதே வகை நீர்மூழ்கிகளில் பிரான்சின் 'மினெர்வ்' 1968-ல் 52 பேரோடும், 'யூரிடிஸ்' 1970-ல் 57 பேரோடும் மூழ்கிப் போய்விட்டன. மினெர்வ் கிடந்த இடமே 2019-ல்தான் தெரிந்தது. எந்த ஆட்சியின் கப்பலாக இருந்தாலும், உள்ளே இருந்த மாலுமி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

சாலிஸ்பரி68:
தம்பி, மாலுமியின் உயிர் எனக்கும் பெரிதுதான். ஆனால் அவன் எதற்காக மூழ்கினான்? ராத்திரியில் அங்கோலாக் கரைக்குச் சிறப்புப் படை ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிடவும் இந்த நீர்மூழ்கிகள்தான் போயின. வால்வு, பேட்டரி என்று பேச ஆரம்பித்தால் அந்தக் கேள்வி பின்னால் போய்விடும். பத்து வயதுப் பிள்ளை பெரிஸ்கோப்பில் கண் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

சாட்ஸ்வொர்த்அக்கா:
அங்கிள், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டாரையும் டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்துத்தான் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். அதனால்தான் போகணும் என்கிறேன். நீங்கள் 1967 என்றீர்களே, அதே 1967-ல்தான் சைமன்ஸ் டவுனை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். ஏழாயிரம் பேருக்கு மேல் ஊரை விட்டுப் போனார்கள், பலரை ஓஷன் வியூவில் குடியமர்த்தினார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் அம்லே வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. முதலில் அங்கே போகணும். அதைப் பார்த்துவிட்டுக் கப்பலில் ஏறுகிற பிள்ளை, இந்தக் கப்பலை வாங்கிய காசு யாருடையது என்று தானாகக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்லணும். 1977-ல் ஐ.நா. தீர்மானம் 418 வந்து ஆயுதத் தடை கட்டாயமானது. அப்போது பிரான்சில் நம் நாட்டுக்காக இன்னும் இரண்டு நீர்மூழ்கிகள் தயாராகிக்கொண்டிருந்தன. வந்து சேரவே இல்லை, பாகிஸ்தானுக்கு விற்றுவிட்டார்கள். உலகம் முழுக்கக் கதவு தட்டிய நம் போராட்டக்காரர்களின் வெற்றி அது. அந்த வெற்றியை இந்தக் கப்பல் முன்னால் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்குமா?

கேப்மெக்கானிக்:
அக்கா சொன்ன பாகிஸ்தான் கதை எனக்கும் நெருக்கமானது. 1971 டிசம்பர் 9-ல் தியூ கரைக்கு அப்பால் இந்தியாவின் 'குக்ரி' போர்க்கப்பலை மூழ்கடித்த பாகிஸ்தான் நீர்மூழ்கி 'ஹங்கோர்' அசெகாயின் வகைதான். 194 பேர் போனார்கள். குக்ரியின் கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. அந்த ஹங்கோரைக் கராச்சியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் இந்தியன், ஆனாலும் அதை உடைத்துப் போடணும் என்று நினைத்ததில்லை. நம் முதல் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. 2014-ல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அதற்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

சாலிஸ்பரி68:
உடைக்கச் சொல்லவில்லை தம்பி. இருக்கட்டும். மகளே, அம்லே வீடு பற்றிச் சொன்னது நல்லது, அதை ஏற்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு 418-ஐ விளக்க முடியாது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் போகட்டும். சின்னதுகளுக்கு போல்டர்ஸ் கடற்கரையில் பெங்குவின் போதும். எல்லோரையும் ஒரே கும்பலாக ஏற்றினால் என் பேத்தியை அனுப்ப மாட்டேன்.

சாட்ஸ்வொர்த்அக்கா:
எனக்கு எட்டு வயதிலேயே எங்கள் ஆயா கேட்டோ மேனர் கதையைச் சொன்னார்கள் அங்கிள். எல்லாம் புரியத்தான் செய்தது. பேத்தியை அனுப்புங்கள்.

நேட்டால்வாத்தியார்:
காலையில் முதலில் அம்லே வீடு, அது முடிவாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சாலிஸ்பரி தீவைப் பற்றி நீங்களே வந்து பேச முடியுமா ஐயா? பேத்தி விஷயத்தை அன்றைக்கு முடிவு பண்ணலாம்.